பிற்பகல் வகுப்புகளுக்கான பணம் குறைக்கப்படுகிறதா? டர்பன் பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிகளின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் பெற்றோர் கூட்டத்துக்கு வரும் பருவம் நெருங்குகிறது. ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டபின் நடக்கும் வீட்டுப்பாட உதவி, கணக்கு வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி, இசை, நாடகம் ஆகியவற்றைக் குறைக்கவோ அடியோடு நிறுத்தவோ யோசனை எழும்போது, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வட்டாரப் பெற்றோர்களும் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா, ஆயாக்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே தமிழில் பதில் எழுதியிருக்கிறோம். சட்ட விவரங்கள் பெரும்பாலும் 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

பணத்தைக் குறைப்பது யார்? மாகாண அரசா, மாநகராட்சியா, பள்ளியா?

மூன்று இடங்களிலும் குறையலாம். எந்த இடத்தில் குறைந்தது என்று தெரியாமல் முறையிடப் போவதால்தான் பெற்றோர்களின் உழைப்பில் பாதி வீணாகிறது.

மாகாணக் கல்வித் துறை ஆசிரியர் சம்பளத்தையும், மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிக்குத் தரும் ஆண்டு மானியத்தையும் தன் கையில் வைத்திருக்கிறது. அதன் நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்கி மார்ச் 31 அன்று முடிகிறது. டர்பன் நகரை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சிக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பு இல்லை. ஆனால் பிள்ளைகள் பிற்பகலில் போய் உட்காரும் நூலகம், விளையாட்டுத் திடல், நீச்சல் குளம், சமூகக் கூடம் ஆகியவை அதன் பொறுப்பில் உள்ளன. அதன் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. மூன்றாவதாகப் பள்ளியின் சொந்த வரவு செலவுத் திட்டம். இதைத் தயாரிப்பது பெற்றோர்கள் தேர்ந்தெடுத்த பள்ளி நிர்வாகக் குழு. இதன் ஆண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை.

பிற்பகல் வகுப்பு நடத்த வெளியிலிருந்து வரும் பயிற்றுநருக்குப் பணம் கொடுப்பது ஏறக்குறைய எப்போதும் இந்த மூன்றாவது கணக்கிலிருந்துதான். பாடத்துக்கு அப்பாற்பட்ட செயற்பாடுகள் எவை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி துறை நிர்வாகக் குழுவிடம் ஒப்படைக்கலாம். பல பள்ளிகளுக்கு அவ்வாறே ஒப்படைத்தும் இருக்கிறது. ஆகவே “அரசு நிறுத்திவிட்டது” என்று தலைமையாசிரியர் சொன்னால், அது முழு விவரம் அல்ல. அரசு தரும் பணம் குறைந்திருக்கலாம். குறைந்த பணத்தில் எதை வெட்டுவது என்று முடிவு செய்தது பெரும்பாலும் பள்ளிக்குள்ளேயே.

அரசு ஒரு மாணவருக்கு எவ்வளவு தருகிறது?

ஆசிரியர் சம்பளம் நீங்கலாகப் பள்ளிக்கு வரும் மானியம், அந்தப் பள்ளி ஐந்து வறுமை நிலைகளில் (முதல் நிலை மிக ஏழ்மையானது) எதில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் மூன்று நிலைகளில் உள்ளவை கட்டணம் வாங்காத பள்ளிகள். 2024-ஆம் ஆண்டுக்கு நடுவண் அரசு அறிவித்த இலக்கு, முதல் மூன்று நிலைகளுக்கு மாணவர் ஒருவருக்கு 1,672 ராண்ட். நான்காம் நிலைக்கு 838 ராண்ட். ஐந்தாம் நிலைக்கு 289 ராண்ட். நம் குவாசுலு-நடால் மாகாணம் கட்டணமில்லாப் பள்ளிகளுக்கு நெடுங்காலமாக 955 ராண்ட் அளவிலேயே கொடுத்துவந்தது என்பதும் பலமுறை சுட்டிக்காட்டப்பட்ட செய்தி.

நம் வட்டாரத்தின் சிக்கல் வேறு வகையானது. ஒரு பள்ளி எந்த நிலையில் நிற்கிறது என்பதை, அது அமைந்திருக்கும் பகுதியின் வருமானம், வேலையின்மை, எழுத்தறிவு ஆகியவற்றைப் பற்றிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்களை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். பள்ளிக்குள் வந்து உட்காரும் பிள்ளைகளின் வீட்டு நிலை அதில் நேரடியாகப் பதிவாவதில்லை. பழைய இந்தியக் குடியிருப்புப் பகுதிகளின் பள்ளிகள் நான்காம், ஐந்தாம் நிலைகளில் நிற்க, உள்ளே மாத வாடகைக்கே திண்டாடும் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பது இதனால்தான். ஐந்தாம் நிலையில் ஆயிரம் மாணவர்கள் உள்ள பள்ளிக்கு மேற்சொன்ன இலக்குப்படி ஆண்டுக்கு 2,89,000 ராண்ட் வரும். தண்ணீர், மின்சாரம், எழுதுபொருள், பழுதுபார்ப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மீதியைப் பெற்றோர் கட்டணமும் நன்கொடையும் ஈடுகட்டுகின்றன. கட்டணம் வசூலாகாத ஆண்டில் துண்டு விழுகிறது.

விதிப்படி மானியத்தின் முதல் தவணை மே மாதத்திலும் இரண்டாவது நவம்பரிலும் வர வேண்டும். பள்ளியோ ஜனவரியில் திறக்கிறது. அந்தத் தவணையும் தாமதமாகிறது என்று நம் மாகாணத்தில் ஆசிரியர் சங்கங்களும் நிர்வாகக் குழுக்களின் அமைப்புகளும் அண்மை ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் முறையிட்டு வந்துள்ளன. ஜனவரியிலிருந்து மே வரை கையில் காசு இல்லாத பள்ளி, வாரந்தோறும் சம்பளம் கேட்கும் பிற்பகல் பயிற்றுநரை முதலில் நிறுத்துவதில் வியப்பில்லை.

எத்தனையோ செலவுகள் இருக்க, பிற்பகல் வகுப்பில் ஏன் முதலில் கை வைக்கிறார்கள்?

அதை நடத்தியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பதே காரணம். வரவு செலவுத் திட்டத் தாளை எடுத்து மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். தண்ணீரும் மின்சாரமும் மாநகராட்சிக்குக் கட்ட வேண்டிய பில், கட்டாவிட்டால் துண்டித்துவிடுவார்கள். இரவுக் காவலுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அதை விட்டால் செப்புக் கம்பியும் கணினியும் போய்விடும். நகல் இயந்திர வாடகை மூன்றாண்டு, ஐந்தாண்டு ஒப்பந்தமாக இருக்கும். நிர்வாகக் குழு தன் பணத்தில் நியமித்த ஆசிரியர்களுக்குத் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு உண்டு. இவற்றையெல்லாம் தாண்டிக் கீழே வந்தால் ‘பாடத்துக்கு அப்பாற்பட்டவை’ என்ற ஒரே ஒரு வரி நிற்கும். கணக்கு வகுப்பும், கால்பந்தும், பரிசளிப்பு விழாக் கோப்பைகளும், சுற்றுலாப் பேருந்தும் அந்த ஒரு வரிக்குள்ளேயே இருக்கும். அதை வெட்டினால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

ஆசிரியர் பணியிடங்கள் குறைவதும் இதோடு சேர்கிறது. 2023-ஆம் ஆண்டின் ஊதிய உயர்வுக்கான முழுத் தொகையும் நடுவண் அரசிடமிருந்து மாகாணங்களுக்கு வரவில்லை. மேற்கு கேப் மாகாணம் 2025 ஜனவரி முதல் 2,407 ஆசிரியர் பணியிடங்களைக் குறைப்பதாக 2024-இல் அறிவித்தது. குவாசுலு-நடாலில் 11,092 பணியிடங்களுக்குப் பணமில்லை என்ற பேச்சு எழுந்தது. ஓர் ஆசிரியர் குறைந்தால் மற்றவர்களின் வகுப்புகள் பெரிதாகின்றன. திருத்த வேண்டிய நோட்டுகள் பெருகுகின்றன. மாலையில் பிள்ளைகளோடு நிற்கத் தெம்பும் நேரமும் குறைகின்றன. 2020 டிசம்பரில் தொடங்கிய குடியரசுத் தலைவரின் இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் பள்ளிகளுக்கு உதவியாளர்களாக வந்த இளைஞர்களைப் பிற்பகல் வாசிப்புக்கும் விளையாட்டுக்கும் பயன்படுத்திய பள்ளிகள் உண்டு. அந்தத் திட்டம் கட்டம் கட்டமாக நடப்பது. ஒரு கட்டம் முடிந்ததும் அவர்கள் போய்விடுகிறார்கள். அடுத்தது எப்போது என்பதைப் பள்ளி தீர்மானிக்க முடியாது.

ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு மட்டும் ஏன் இத்தனை கவலை?

நம் நாட்டில் நடுநிலைப் பள்ளி என்று தனியாகப் பெரும்பாலும் இல்லை. ஏழாம் வகுப்பு தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டு. எட்டும் ஒன்பதும் உயர்நிலைப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகள். பாடத்திட்டம் இந்த மூன்றையும் ஒரே கட்டமாகப் பார்க்கிறது. பணமும் பொறுப்பும் இரண்டு பள்ளிகளுக்கு இடையே பிரிந்து கிடக்கின்றன. ஏழாம் வகுப்பில் இசையும் கணக்குதவியும் பெற்ற பிள்ளை, எட்டாம் வகுப்பில் வேறொரு பள்ளிக்குப் போய் எதுவுமில்லாமல் நிற்பதைத் தட்டிக் கேட்க ஒரு தனி ஆள் கிடையாது.

உயர்நிலைப் பள்ளிகளில் பணமும் ஆசிரியர் கவனமும் பன்னிரண்டாம் வகுப்பை நோக்கியே ஓடுகின்றன. மெட்ரிக் என்னும் அந்த இறுதித் தேர்வின் தேர்ச்சி விழுக்காடு செய்தித்தாளில் வருகிறது. குளிர்காலப் பள்ளி, வசந்தகாலப் பள்ளி, சனிக்கிழமை வகுப்பு என்று துறையே அதற்கு ஏற்பாடு செய்கிறது. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை பின்னமும் இயற்கணிதமும் புரியாமல் தடுமாறுவது எந்தச் செய்தித்தாளிலும் வராது. ஆனால் ஒன்பதாம் வகுப்பு முடியும்போது அந்தப் பிள்ளை, பத்தாம் வகுப்பில் முழுக் கணிதம் எடுப்பதா, கணித எழுத்தறிவு என்னும் எளிய பாடத்தை எடுப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். எளிய பாடத்தை எடுத்தவருக்குப் பொறியியல், மருத்துவம், கணக்கியல் பட்டப்படிப்புகளின் கதவு பெரும்பாலும் அப்போதே மூடிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை சனிக்கிழமை வகுப்பு வைத்தாலும் அதைத் திறக்க முடியாது. மெட்ரிக் வகுப்புகளுக்கு ஒதுக்குவதில் ஒரு பங்கையாவது எட்டாம் வகுப்புக்குத் திருப்ப வேண்டும் என்பது எங்கள் கருத்து. இதை ஏற்காத தலைமையாசிரியர்கள் உண்டு, அவர்கள் மேல் இருக்கும் நெருக்கடியும் உண்மைதான்.

பிள்ளையின் வயதையும் பார்க்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையைத் தனியே விட முடியாது என்பதால் வீட்டார் எப்படியாவது ஏற்பாடு செய்துவிடுவார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். தாயும் தகப்பனும் வேலை முடிந்து வரும்வரை அது வீட்டில்தான் இருக்கிறதா, தெருமுனைக் கடையருகே நிற்கிறதா என்று பக்கத்து வீட்டு ஆண்ட்டி சொன்னால்தான் தெரியும்.

பள்ளி ஆசிரியர்களே பிற்பகலில் நடத்தலாமே? பெற்றோர்கள் சேர்ந்து அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிடலாமே?

முதல் பாதி சரி. ஆசிரியர்களின் பணி விதிகளின்படி பாடத்துக்கு அப்பாற்பட்ட செயற்பாடுகளும் அவர்களின் கடமைகளில் அடங்கும். ஆண்டுக்கு 1,800 மணி நேரம் என்ற கணக்கிலேயே வகுப்பு, தயாரிப்பு, திருத்தம், விளையாட்டு எல்லாம் வருகின்றன. இரண்டாம் பாதியில் எச்சரிக்கை தேவை. அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கு நிர்வாகக் குழு தானாகக் கூடுதல் பணமோ பரிசோ கொடுக்கக் கூடாது என்று சட்டத்தின் 38அ பிரிவு தடுக்கிறது. துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். உறையில் வைத்துக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். சிக்கிக்கொள்பவர் அந்த ஆசிரியர்தான்.

பள்ளிக் கட்டணம் பாக்கி இருக்கிறது. அதைக் காட்டிப் பிள்ளையைப் பிற்பகல் வகுப்பில் சேர்க்க மறுக்கலாமா?

மறுக்கக் கூடாது. சட்டத்தின் 41-ஆம் பிரிவு இதில் மிகத் தெளிவாக இருக்கிறது: கட்டணம் கட்டப்படாவிட்டாலும் பள்ளியின் முழு நிகழ்ச்சிகளிலும் பங்கேற்கும் உரிமை மாணவருக்கு உண்டு, பண்பாடு, விளையாட்டு, சமூக நிகழ்ச்சிகளிலிருந்தோ உணவுத் திட்டத்திலிருந்தோ ஒதுக்குவது, வகுப்பிலிருந்து நிறுத்துவது, தேர்ச்சி அறிக்கையைப் பிடித்து வைப்பது ஆகியவை பழிவாங்கல் என்று பெயர் சொல்லியே அங்கே தடுக்கப்பட்டுள்ளன. பாக்கியைப் பெற்றோரிடம் கேட்கலாம். பிள்ளையிடம் காட்டக் கூடாது.

பள்ளி நடத்தும் வகுப்புக்கே இது பொருந்தும். தனியார் ஒருவர் பள்ளி அறையை வாடகைக்கு எடுத்துத் தன் கணக்கில் பணம் வாங்கி நடத்தும் டியூஷன் பள்ளியின் நிகழ்ச்சி ஆகாது. சில பள்ளிகள் செலவைக் குறைக்கும் பெயரில் பிற்பகல் வகுப்பை இப்படித் தனியாரிடம் தள்ளிவிடப் பார்க்கும்போது, வகுப்பு தொடரும் என்ற நிம்மதியில் பெற்றோர்கள் கை தூக்கிவிடுகிறார்கள். ஏழைப் பிள்ளைக்கு இருந்த சட்ட உரிமை அந்தக் கை தூக்கலில் போய்விடுகிறது. ஆகவே யார் நடத்துகிறார்கள், ரசீது யார் பெயரில் வருகிறது என்று முதலில் கேளுங்கள்.

கட்டணமே சுமையாக இருந்தால் விலக்குக் கேட்டு விண்ணப்பியுங்கள். பெற்றோர் இருவரின் மொத்த ஆண்டு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கட்டணமாகப் போகுமானால் முழு விலக்கு உண்டு. கட்டணத்தோடு பள்ளி கட்டாயமாகக் கேட்கும் மற்றத் தொகைகளும் அந்தக் கணக்கில் சேரும். மறுத்தால் மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நான் பேத்தியை வளர்க்கும் ஆயா. எனக்கு ஓட்டு உண்டா?

உண்டு. பிள்ளையின் கல்விப் பொறுப்பைப் பெற்றோரின் இடத்தில் இருந்து ஏற்றுக்கொண்டவரையும் சட்டம் ‘பெற்றோர்’ என்றே எண்ணுகிறது. தாய் கேப் டவுனிலோ வளைகுடா நாட்டிலோ வேலையில் இருக்க, நீங்கள்தான் பள்ளியில் கையெழுத்திடுகிறீர்கள் என்றால், பள்ளிப் பதிவேட்டில் உங்கள் பெயர் அப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று கூட்டத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் மொழி ஆங்கிலமாகவே இருக்கும். பக்கத்தில் ஒருவரை அமர்த்திக்கொண்டு மொழிபெயர்க்கச் சொல்வதில் தவறில்லை.

வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் பெற்றோர்கள் உண்மையில் எதையாவது மாற்ற முடியுமா, அல்லது சும்மா கை தூக்கத்தானா?

மாற்ற முடியும். 38-ஆம் பிரிவின்படி நிர்வாகக் குழு ஒவ்வோர் ஆண்டும் தயாரிக்கும் திட்டத்தைப் பெற்றோர் பொதுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மையினர் ஏற்றால்தான் அது நிறைவேறும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்துக்கு முந்தைய 14 நாட்களுக்குத் திட்டத்தின் நகல் பள்ளியில் பார்வைக்கு இருக்க வேண்டும். வந்திருப்பவர்களின் பெரும்பான்மை என்ற சொற்களைக் கவனியுங்கள். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நாற்பது பேர் வந்தால், இருபத்தொரு பேர் முடிவு செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை, புரட்டாசி சனிக்கு முந்தின நாள், மழை என்று காரணம் எதுவானாலும் வராதவரின் கருத்து அங்கே எண்ணப்படுவதில்லை.

அந்த 14 நாட்களில் பள்ளி அலுவலகத்துக்குப் போய்த் தாளைப் பாருங்கள். கேட்டால் காட்ட வேண்டியது அவர்கள் கடமை. ‘பாடத்துக்கு அப்பாற்பட்டவை’ என்ற வரியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்ற இரண்டு தொகைகளையும் கேளுங்கள். ஒதுக்கியதில் பாதிகூடச் செலவாகவில்லை என்றால், அடுத்த ஆண்டு வெட்டுவதற்கு அதையே காரணமாகக் காட்டுவார்கள்; ஏன் செலவாகவில்லை என்பது அப்போது பெரிய கேள்வியாகிவிடும். பயிற்றுநர் கிடைக்காததாலா, மானியம் நவம்பரில் வந்ததாலா, வேறு செலவுக்குத் திருப்பப்பட்டதா?

கூட்டத்தில் “பிள்ளைகளின் எதிர்காலம்” என்று பேசினால் எல்லாரும் கை தட்டுவார்கள், தொகை மாறாது. தொகையோடு பேசுங்கள். கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டு: பயிற்றுநர் ஒருவருக்கு மணிக்கு 150 ராண்ட், நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு நான்கு நாள், ஆண்டுக்கு நாற்பது வாரம் என்று வைத்தால் 48,000 ராண்ட் ஆகிறது. அறுபது பிள்ளைகள் படித்தால் தலைக்கு ஆண்டுக்கு 800 ராண்ட்; வகுப்பு நடக்கும் ஒரு நாளுக்கு 5 ராண்ட். உங்கள் பள்ளியின் உண்மைத் தொகைகளை இதே போலப் போட்டுக் கொண்டுபோய், எந்த வரியிலிருந்து எடுத்து எந்த வரியில் சேர்க்க வேண்டும் என்று திருத்தமாக முன்மொழியுங்கள். வழிமொழிய இன்னொருவரை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள். நான்கு நாள் முடியாவிட்டால் இரண்டு நாள் என்ற மாற்றுக் கணக்கும் கையில் இருக்கட்டும்; முழுதாக நின்றுபோன வகுப்பைத் திரும்பத் தொடங்குவது, பாதியாக ஓடும் வகுப்பை நிமிர்த்துவதை விடக் கடினம்.

போக்குவரத்தை மறந்துவிட வேண்டாம். மாதக் கட்டணத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி, பள்ளி விட்டதும் புறப்பட்டுவிடுகிறது. நான்கு மணிக்கு மேல் வகுப்பு முடிந்தால் அடுத்த வண்டிக்குத் தனிப் பணம். வகுப்பு இலவசமாக இருந்தும் வருகை குறைவாக இருக்கும் பள்ளிகளில், ஓட்டுநர்களோடு பேசி இரண்டாம் நடை ஒன்றை ஏற்பாடு செய்தாலே இருக்கைகள் நிறைந்துவிடலாம்.

மாநகராட்சியிடம் எப்போது கேட்க வேண்டும்?

ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும். மாநகராட்சி நிதி நிர்வாகச் சட்டத்தின்படி, நிதியாண்டு தொடங்குவதற்கு 90 நாட்களுக்கு முன்பாக, அதாவது மார்ச் முடிவுக்குள், வரைவுத் திட்டம் மன்றத்தில் வைக்கப்பட்டுப் பொதுமக்களின் கருத்து கேட்கப்படும். ஜூனுக்கு முன் அது நிறைவேற்றத்துக்கு வந்துவிடும். நூலகம் மாலையில் எத்தனை மணிக்கு மூடுகிறது, திடலின் விளக்கு எரிகிறதா என்பவற்றை அப்போது எழுத்தில் கொடுங்கள். ஆகஸ்டில் கவுன்சிலரைப் பிடித்துக் கேட்டால் அடுத்த ஆண்டு பார்ப்போம் என்பார். அவர் சொல்வது சரிதான்.

கோயிலோ சங்கமோ பணம் கொடுத்தால் அது பிற்பகல் வகுப்புக்கே போகும் என்று என்ன உறுதி?

எழுத்தில் நிபந்தனையோடு கொடுத்தால் உறுதி உண்டு. பள்ளிக்கு வரும் பணம் அனைத்தும் பள்ளி நிதியில் செலுத்தப்பட வேண்டும் என்றாலும், நன்கொடையை அது எந்த நிபந்தனையோடு கொடுக்கப்பட்டதோ அதன்படியே செலவிட வேண்டும் என்று 37-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ‘எட்டு, ஒன்பதாம் வகுப்புகளின் பிற்பகல் கணக்கு வகுப்புக்காக மட்டும்’ என்று ஒரு கடிதத்தில் எழுதி, தலைமையாசிரியரிடமும் நிர்வாகக் குழுப் பொருளாளரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாகப் ‘பள்ளி வளர்ச்சிக்கு’ என்று கொடுத்தால் அது தண்ணீர் பில்லுக்கும் போகலாம். வரிவிலக்குச் சான்று கொடுக்கும் தகுதி பள்ளிக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால், கடை வைத்திருப்பவர்களும் தொழில் செய்பவர்களும் இன்னும் தாராளமாகக் கொடுப்பார்கள்.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. நடாலில் இந்தியப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பலவும் பெற்றோரும் சங்கங்களும் தம் பணத்தில் கட்டடம் எழுப்பி, பிறகு அரசின் உதவிநிதி பெற்று நடந்தவை. 1929-இல் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரி என்னும் உயர்நிலைப் பள்ளியும் மக்களின் நன்கொடையால் எழுந்ததே. வலங்கைமானில் பிறந்து இந்திய அரசின் முதல் முகவராக இங்கே வந்த ஸ்ரீனிவாச சாஸ்திரி அதற்காக ஊர் ஊராகப் பணம் திரட்டினார். ஆனால் அன்று அரசு கைவிட்டதால் கட்டினோம். இன்று 34-ஆம் பிரிவின்படி பொதுப் பள்ளிகளுக்கு நிதி தருவது அரசின் கடமை. கோயில் உண்டியலை நம்பி அந்தக் கடமையிலிருந்து துறையை விடுவித்துவிடுவது நல்லதல்ல. நன்கொடை கொடுக்கும் கையாலேயே துறைக்கு ஒரு கடிதமும் எழுத வேண்டும்.

பிற்பகல் தமிழ் வகுப்பும் நின்றுவிடுமா?

தமிழ் வகுப்பு எந்தக் கணக்கில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. 2014-இல் தமிழ், இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது ஆகிய ஐந்தும் பள்ளிகளில் விருப்ப மொழிப் பாடமாக எடுக்க வழி செய்யப்பட்டது. அரசமைப்பின் 6-ஆம் பிரிவும் மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆயினும் இவை எதுவும் ஒரு பள்ளியின் தமிழ் ஆசிரியருக்குச் சம்பளம் ஒதுக்கிவிடுவதில்லை. பல இடங்களில் தமிழ் வகுப்பு சங்கங்களின் பணத்தில், பள்ளி அறையிலோ கோயில் மண்டபத்திலோ நடக்கிறது. அப்படியானால் உங்களுக்குத் தேவை பணம் அல்ல, அறை. சமூகப் பயன்பாட்டுக்குப் பள்ளி வளாகத்தை நியாயமான நிபந்தனைகளில் கொடுக்க 20-ஆம் பிரிவு நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் தருகிறது. அந்த ஒப்பந்தத்தை வரவு செலவுத் திட்டச் சண்டையோடு கலக்காமல் தனியே எழுதி வாங்குங்கள்.

தமிழ் வகுப்பைக் காப்பாற்றுவதற்காகக் கணக்கு வகுப்பை விட்டுக்கொடுக்கச் சில பெற்றோர்கள் முன்வருகிறார்கள். தமிழின் மேல் உள்ள பற்று புரிகிறது. ஆனால் கூட்டத்தில் அப்படிப் பேசினால் தமிழ்ப் பெற்றோர் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமும் நின்றுவிடுவார்கள், இரண்டும் தோற்கும்.

இப்போது படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் நம் பகுதிக்காரர்கள் அல்லவே. நம் பணத்தில் அவர்களுக்கு ஏன் நடத்த வேண்டும்?

இந்தக் கேள்வி கூட்டத்தில் வெளிப்படையாக வராது. வாகன நிறுத்துமிடத்தில் வரும். பக்கத்து நகரியமான உம்லாசியிலிருந்து இரண்டு டாக்சி மாறி வரும் பிள்ளையின் பெற்றோரும் அதே கட்டணத்தைக் கட்டுகிறார்கள், அல்லது அதே விலக்கைப் பெறுகிறார்கள். அதே ஓட்டு அவர்களுக்கும் இருக்கிறது. விடிகாலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலையில்தான் திரும்பும் அந்தப் பிள்ளைக்கு, பள்ளியில் வெளிச்சமான ஓர் அறையும் கேட்டால் சொல்லித்தர ஒருவரும் இருப்பது நம் பிள்ளையை விட அதிகமாகத் தேவைப்படலாம். சாட்ஸ்வொர்த்தே இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் வெளியேற்றப்பட்டவர்களைக் கொண்டு 1960-களில் எழுந்த ஊர். அங்கிருந்து கொண்டு ‘நம் பகுதிக்காரர்’ என்று எல்லை போடுவது பொருந்தாது.

தன்னார்வலர்களை வைத்து நடத்தினால் செலவே இல்லையே?

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம் தெருக்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை அழைப்பது நல்ல யோசனை. பிள்ளைகளோடு பணியாற்றும் எவரும், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தேசியச் சிறார் பாதுகாப்புப் பதிவேட்டிலும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும் பெயர் இல்லை என்ற சான்று பெற்றிருக்க வேண்டும். “நமக்குத் தெரிந்த அண்ணன்தான்” என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. சான்று வரத் தாமதமாகும் என்பதால் ஜனவரி வகுப்புக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் வருபவரை நம்பி ஐந்து நாள் அட்டவணை போடுவதும் வேண்டாம்.

இணையத்தில் கிடைத்த மனு மாதிரியை நிரப்பி அனுப்பலாமா?

வேண்டாம். அவற்றில் பல அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியம் ஒரு வட்டாரத்தின் பல பள்ளிகளுக்கும் சேர்த்து நிதியைத் தீர்மானிப்பது வழக்கம்; நடுவண் அரசும் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்புகளுக்கென்றே தனி நிதி வைத்திருக்கிறது. இங்கே அப்படி ஒரு வாரியம் இல்லை. உங்கள் கடிதம் பள்ளி நிர்வாகக் குழுத் தலைவருக்கும், அதன் நகல் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் போக வேண்டும். எட்டாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிக்கும் மாணவர்களின் பிரதிநிதிகளும் உயர்நிலைப் பள்ளி நிர்வாகக் குழுவில் அமர்கிறார்கள்; அவர்களிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

கூட்டத்தில் தோற்று, ஜனவரியில் வகுப்பு இல்லை என்றால் என்ன செய்வது?

முதலில், கூட்டம் முறையாகக் கூட்டப்பட்டதா என்று பாருங்கள். 30 நாள் அறிவிப்பு இல்லையென்றால், அல்லது தாள் பார்வைக்கு வைக்கப்படவில்லை என்றால், வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு எழுதி மறுபடியும் கூட்டம் கோரலாம். முறையாக நடந்திருந்தால் அந்த முடிவு அந்த ஆண்டுக்கு நிற்கும். இருந்தாலும் மே மாதத் தவணை வந்தபின் திட்டத்தை மறுபரிசீலனை செய்யும்படி நிர்வாகக் குழுவிடம் கேட்கலாம்; நிபந்தனையோடு நன்கொடை திரட்டிக் கொடுத்தால் ஆண்டின் நடுவிலும் வகுப்பைத் தொடங்கலாம். நிர்வாகக் குழுத் தேர்தல் மூன்றாண்டுக்கு ஒரு முறை. சென்றது 2024-இல் நடந்தது, அடுத்தது 2027-இல் வரும். குழுவில் பெற்றோர் உறுப்பினர்கள் மற்ற வாக்குரிமை உறுப்பினர்களை விட ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி.

இடைக்காலத்தில் யாராவது தம் வீட்டு கராஜில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்வார்கள். ஆறு பேருக்கு மேல் பிள்ளைகளைப் பெற்றோர் சார்பில் குறிப்பிட்ட நேரத்துக்கு வைத்திருந்தால், பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அது சிறார் சட்டத்தின் கீழ் பகுதிநேரப் பராமரிப்பு ஆகிறது. சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். வெளியேற இரண்டு வழி இருக்கிறதா, கழிப்பறை எங்கே, கேஸ் சிலிண்டர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பிள்ளையை அனுப்புங்கள்.